குறை இல்லாத கொக்கி

உங்கள் கதிரைக்குப் பின்கால் ஒன்று குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. இருந்தவுடன் ஒரு பக்கம் சாய்கிறது. கோபிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பொருளைக் கண்டால் முதலில் அதன் குறையைச் சொல்லுவதுதான் வழக்கம். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

நேற்று உங்கள் சார்ஜன் வீட்டுக்கு வந்து, வீரசிங்கத்தின் மரணத்தைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டினார். கெட்ட இரும்பில் செய்த கொக்கி முறிந்து கிணற்றுக்குள் விழுந்தார் என்று இருந்தது. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்தச் சொல் என்னை இருக்கவிடவில்லை. அது கெட்ட இரும்பு இல்லை, ஐயா. நல்ல லொறி வில்லு, சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்குகிற இரும்பு. அதைத் திருத்தத்தான் இந்த வெயிலில் கடற்கரை வீதி முழுவதும் நடந்து வந்தேன்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் புருஷன் கிறிஸ்தோபர் துறைமுகக் கந்தோரில் எழுதுகிற வேலை. கொல்லர் குடும்பம் இல்லை. கையில் மை படுகிறது போதாமல் கரியும் படவேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, பழைய பட்டடையும் துருத்தியும் வாங்கி வைத்தார். அதே ஆசை உள்ள மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். வீரசிங்கம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மைக்கல் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறவர். அலியார் நானா மூதூரில் நெல் வியாபாரி, குடாவைக் கடந்து லோஞ்சில் வருவார். இரும்பு இவர்களில் ஒருவருக்கும் சோறு போடவில்லை. ஞாயிறு பின்னேரம் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு ஆசைக்கு அடிப்பார்கள், அவ்வளவுதான்.

கிறிஸ்தோபர் காய்ச்சலில் போன பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. கொட்டில் என்னுடையது. பட்டடை என்னுடையது. கரியும் என்னுடையது. துருத்தி அமத்தினதும் நான். ஆகவே நானும் அடிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவள் நான். எனக்குக் கை நடுங்காது.

வழக்கம் இதுதான். புதிதாகச் செய்ததை ஒவ்வொருவரும் கொண்டுவந்து என் மேசையில் வைக்க வேண்டும். அது கை மாறிக் கை போகும். ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்ல வேண்டும். புகழக் கூடாது. செய்தவர் மறுமொழி சொல்லக் கூடாது. எல்லாரும் சொல்லி முடிந்த பிறகு, செய்தவர் அதன் பெரிய குறையைத் தன் வாயால் ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் பொருளை எடுக்கலாம். சுமை தாங்குகிற பொருள் என்றால் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இரும்பு மணி போல நீண்டு ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் மண்சட்டி போல அமுங்கும். அதைக் கேட்டுச் சொல்லுவது மைக்கலின் பொறுப்பு. கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவர், காது அப்படி.

ஒரு ஞாயிற்றைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். அலியார் நானா மீன் வெட்டுகிற கத்தி ஒன்று கொண்டுவந்தார்.

"நானா, பிடி அப்பிடியே உங்களைப் போல. நடுவில பெருத்து நிக்குது," என்றார் வீரசிங்கம்.

அலியார் நானா வயிற்றைத் தடவிச் சிரித்தார். மைக்கல் மெழுகுதிரித் தண்டு ஒன்று வைத்தார்.

"பூசைக்குப் பிந்தி வந்த ஆள் மாதிரி ஒரு பக்கம் ஒதுங்குது," என்றார் வீரசிங்கமே.

மைக்கலும் சிரித்தார். அடுத்தது என் பாக்குவெட்டி. எத்தனையோ கிழமை பாடுபட்டுச் செய்தது. தலைப்பக்கம் தாராத் தலை போல அடித்திருந்தேன். வீரசிங்கம் அதைத் திறந்தார், மூடினார், வெற்றிலைப் பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து இடையில் வைத்து நெரித்தார். பாக்கு வழுவிப் பறந்து அலியார் நானாவின் தேத்தண்ணீருக்குள் விழுந்தது.

"அக்கா, இது வெட்டாது. பாக்கோட கதைச்சுச் சமாதானம் பண்ணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அலகு ரெண்டும் சந்திக்கேல்லை" என்று என் வாயாலேயே குறையைச் சொல்லி, பாக்குவெட்டியை எடுத்து மடியில் வைத்தேன்.

கத்திக்கும் தண்டுக்கும் சிரித்த சிரிப்பு வேறு, என் பாக்குவெட்டிக்குச் சிரித்த சிரிப்பு வேறு. உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரும்பின் ஒலியில் மைக்கலுக்குக் காது எப்படியோ, சிரிப்பின் ஒலியில் எனக்கு அப்படி.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை ஜப்பான்காரன் குண்டு போட்டதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அயலவர் எல்லாரும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. வீரசிங்கமும் மனைவி இரத்தினேஸ்வரியையும் பிள்ளைகளையும் திரியாயில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கச்சேரி வேலைக்காகத் தனியே நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினியில்தான் சாப்பாடு. மீன்குழம்புக்கு உப்புக் காணாது என்பார். பிறகு கோப்பையை நீட்டி இன்னொருதரம் வாங்குவார்.

"இரும்புக்குப் பஞ்சம் எண்டு அழுதனாங்கள், நானா. இப்ப ஆகாயத்தால வருகுது," என்று சொல்லிக்கொண்டு, எரிந்த லொறி ஒன்றின் வில்லுத் தட்டைத் தோளில் சுமந்து வந்ததும் அவர்தான்.

குண்டு விழுந்தபோது மைக்கல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் பிறகொரு ஞாயிறு அவருக்குப் பின்னால் பெரிய சுத்தியல் என் கை தவறிக் கல்லில் விழுந்தது. அலியார் நானா துள்ளி எழும்பினார். மைக்கல் திரும்பவேயில்லை. அதன் பிறகு கவனித்தேன். மனிதர் வாயைப் பார்த்துத்தான் கதை விளங்கிக்கொண்டிருந்தார். கோயிலில் ஓர்கன் சத்தம் கூடிப்போச்சு என்று சுவாமியாரும் குறைப்பட்டார். காது கேளாதவர் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறருடைய குறையை மூடிவைப்பது கிறிஸ்தவக் கடமை.

இனிக் கிணற்றுக் கதை. அந்தக் குண்டில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்தபோது கரி மழையாகக் கொட்டியதே, அதில் என் கிணறு கெட்டுப்போனது.

"அக்கா, உங்கட தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் தலையில திரி வைச்சா, விளக்கா எரியலாம்," என்றார் வீரசிங்கம்.

கிணறு இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் எல்லாரும் நேவிக்காரருடைய வேலைக்குப் போய்விட்டார்கள். போதாததற்கு, கிணற்றுக்குமேல் குறுக்கு மரத்தில் கப்பியைத் தொங்கவிடுகிற பழைய கொக்கியும் உப்புக் காற்றில் அரித்துப்போய் இருந்தது.

"கொக்கியை நான் அடிக்கிறன். கிணத்துக்கையும் நானே இறங்கிறன். நானா இறங்கினாக் கிணறு அடைச்சிடும்," என்றார் வீரசிங்கம்.

நல்ல மனம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். அலியார் நானாவும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. என் கிணறு, என் உலை, என் பட்டடை. கொக்கியை நான் அடிக்கிறேன் என்று சொன்னேன். அவர் வில்லுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்:

"இது ஆள் தொங்கிற சாமான், அக்கா. நீங்கள் துருத்தியைப் பிடியுங்கோ."

பகிடியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பகிடி இல்லாமல் சொன்னார்.

நான் துருத்தியைப் பிடித்தேன். அவர் அடித்தார். அழகான கொக்கி, ஐயா, நான் மறுக்கமாட்டேன். கழுத்து தடித்து, நுனி மெலிந்து, கோழி கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி வளைந்து வந்தது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் பொழுதுபட முன்னம் உலை அணைய வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. வீதியில் வார்டனின் விசில் கேட்டது. வீரசிங்கம் கொக்கியை விறகுச் சாம்பலுக்குள் புதைத்தார்.

"தானா ஆறட்டும். ஒருத்தரும் தொடப்படாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்லு இரும்பு பிடிவாதக்கார இரும்பு. சாம்பலுக்குள் ஆறுதலாகக் குளிர்ந்தால் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். சிவந்திருக்கும்போது தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி போல உடைகிற இரும்பாகிவிடும். தோய்க்கிற போதே உள்ளே வெடிக்கவும் கூடும். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். கிறிஸ்தோபர் எனக்கு முதன்முதல் சொல்லித் தந்ததே இதைத்தான்.

அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் சாம்பலைக் கிளறினேன். கங்கு இன்னும் கிடந்தது. கொக்கியை அதில் வைத்துத் துருத்தியைக் கொஞ்சம் அமத்தினேன். செவ்வரத்தம்பூ நிறம் வந்தவுடன் குறட்டால் தூக்கி வாளித் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் சீறியது. அந்தச் சீற்றத்துக்குள்ளே இன்னொரு சத்தம், நகத்தால் கோப்பையைச் சுண்டியது போல, மிகச் சின்னது. துடைத்தேன். அவர் வைத்தபடியே திரும்பச் சாம்பலுக்குள் வைத்தேன். கைகழுவிக்கொண்டு போய்ச் செபம் சொன்னேன்.

கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. மேசையில் எல்லார் முன்னாலும் அவருடைய கொக்கி மண்சட்டி போல ஒலிக்க வேண்டும், அவர் தன் வாயால் குறையைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. மைக்கலின் காதை நான் அப்போது மறந்துபோயிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கொக்கி மேசைக்கு வந்தது. "வளைவு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம்," என்றார் அலியார் நானா. மைக்கல் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டார். தட்டினார். அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. மைக்கல் தலையைச் சரித்து, கண்ணை மூடி, கேட்கிற மனிதரைப் போல நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு தலையாட்டினார்.

"மணி," என்றார்.

"எனக்குப் பிளேன் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை," என்றார் வீரசிங்கம். "நீங்கள் கிட்ட நிண்டனீங்கள், அக்கா. என்ன குறை? சொல்லுங்கோ, காத்துக்கொண்டு நிக்கிறன்."

அமுங்கிய அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

"குறை இல்லை," என்றேன்.

அந்த மேசையில் அந்தச் சொல் அதற்குமுன் ஒருநாளும் விழுந்ததில்லை.

"அக்கா, காய்ச்சலோ?" என்றார் வீரசிங்கம். பகிடிதான். ஆனால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையைப் போல, கொக்கியைச் சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எதுக்கும் ஒரு மணல் சாக்கைத் தொங்கவிட்டுப் பாப்பம், தம்பி," என்றார் அலியார் நானா. "மனிசன் இறங்கிற சாமான்."

"நானா, என்ர ஒரு ஆணியைக்கூட விடாமக் குறை சொன்னவ இவ. இவவே இல்லை எண்டிட்டா. இதுக்கு மேல என்ன சோதினை?"

அரத்தை ஒருதரம் இழுத்திருந்தாலும் அது பிடிக்காமல் வழுக்கி, கண்ணாடி இரும்பு என்று சொல்லியிருக்கும். முடிந்த வேலையில் அரம் வைப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. பாருங்கள், அவரிடமும் குறை இருந்தது.

சனிக்கிழமை காலை மூவரும் வந்தார்கள். புதுக் கொக்கியில் கப்பியை மாட்டி, வாளி வாளியாக இறைத்து அடித்தண்ணீர் வரைக்கும் எடுத்தார்கள். வாளிப் பாரத்தைக் கொக்கி தாங்கியது. பிறகு வீரசிங்கம் பலகையில் ஏறி இருந்தார். அலியார் நானாவும் மைக்கலும் கயிற்றை விட்டு விட்டு அவரை இறக்கினார்கள்.

"அக்கா, மத்தியானம் நல்ல தண்ணியில ஒரு தேத்தண்ணி. சீனி கூட," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பாதிக் கிணற்றில் கொக்கி முறிந்தது. கயிறு இருவர் கையையும் உரித்துக்கொண்டு ஓடியது. கப்பி, கயிறு, பலகை, ஆள் எல்லாம் ஒன்றாகப் போனது.

கிணற்றுச் சுவர் வழுவழுவென்று பூசினது. இறங்கப் படி இல்லை. கீழே அவர் முனகுவது கேட்டது. அலியார் நானா முகமெல்லாம் வேர்த்து நின்றார்.

"தங்கச்சி, வீட்டில வேற கயிறு இரிக்கா?"

"இல்லை, நானா."

அவர் கயிறும் ஆட்களும் கொண்டுவர இறங்குதுறைக்கு ஓடினார். மைக்கல் டாக்குத்தரைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் குசினிக்குள் போய், பரணில் கிடந்த கிறிஸ்தோபரின் தும்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் இருந்தேன்.

"அக்கா."

"ஓம், தம்பி."

"தொடை முறிஞ்சுபோச்சு. எழும்ப ஏலாது. ஊத்து வலுவாத் திறந்திட்டுது. தண்ணி ஏறுது."

"தெரியுது."

"நானா எங்கை?"

"கயிறு எடுக்கப் போட்டார்."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "அப்ப உங்கட மடியில இருக்கிறது என்ன?"

"கயிறு."

"அதைப் போடுங்கோவன், அக்கா. நீங்கள் இழுக்க வேண்டாம். கிணத்தடி வேம்பில ஒரு நுனியைக் கட்டிப்போட்டு மற்றதை விடுங்கோ. கமக்கட்டுக்கால கட்டிக்கொண்டு இருப்பன். தலை தண்ணிக்கு மேல நிண்டாப் போதும்."

"போடுறன். முதல்ல உங்கட கொக்கியின்ர குறையைச் சொல்லுங்கோ."

"பகிடிக்கு இதுவோ நேரம்?"

"எனக்குப் பகிடி வராது, தம்பி. அது உங்களுக்கு வாறது. வழக்கம்தானே. செய்தவர் தன்ர வாயால சொல்ல வேணும்."

முறிந்த பாதி கப்பியோடு அவர் பக்கத்தில் கிடந்தது. எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். கெட்டிக்காரர், அந்த நிலையிலும் பார்த்தவுடன் கண்டுகொண்டார்.

"முறிஞ்ச இடம் சீனி மாதிரி மணிமணியா மினுங்குது. ஓரத்தில கறுப்பு. அது பழைய வெடிப்பு. இது தோய்ச்ச இரும்பு, அக்கா. நான் தோய்க்கேல்லையே. சாம்பலுக்கைதானே வைச்சனான்."

"ஓம்."

"ஆர் எடுத்தது?"

"நான்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய நெஞ்சளவுக்கு வந்திருந்தது.

"மைக்கல் தட்டிப் பாத்தவர்தானே?"

"அவருக்குக் காது கேக்காது. குண்டு விழுந்த நாள் தொடக்கம்."

"உங்களுக்கு?"

"எனக்கு நல்லாக் கேட்டது."

"எனக்குப் பிள்ளையள் இருக்கு, அக்கா."

"தெரியும். இரத்தினேஸ்வரிக்கு நான்தானே சட்டை தைச்சுக் குடுக்கிறனான்."

முறிந்த பாதியை அவர் இன்னொருதரம் திருப்பிப் பார்த்தார். பேசினபோது குரல் மாறியிருந்தது. பகிடி இல்லை, கோபமும் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"நல்ல வேலை, அக்கா. நானாவும் கண்டுபிடிக்கேல்லை. நான் கையில வைச்சுத் துடைச்சும் கண்டுபிடிக்கேல்லை. இப்பிடி ஒரு வேலை என்னால செய்ய ஏலாது. குறை இல்லை." பிறகு, "இப்ப கயிறைப் போடுங்கோ," என்றார்.

நான் போடத்தான் எழும்பினேன், ஐயா. உண்மை. வேம்பில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டேன். அப்போதுதான் யோசனை வந்தது. மேலே ஏற்றிவிட்டால் மனிதர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இதையும் அலியார் நானாவுக்குப் பகிடியாகச் சொல்லுவார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துவிடுவார். சுற்றை அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டிக் குசினிப் பரணில் வைத்துவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். படலையடியில் அலியார் நானாவும் துறைமுகத்து ஆட்களும் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

உங்கள் மேசையில் கிடக்கிற அந்தப் பாதியை நூலில் கட்டித் தட்டிப் பாருங்கள். இப்போது மணி போல ஒலிக்கும். வெடிப்பு இருந்த இடத்தால் முறிந்தபடியால் குறை போய்விட்டது. மைக்கல் தன் காதால்தான் இது நடந்தது என்று அழுதுகொண்டு திரிகிறாராம். யாராவது ஒரு கடதாசியில் எழுதிக் காட்டுங்கள், அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று.

கெட்ட இரும்பு என்பதை வெட்டிவிடுங்கள். இரும்பு நல்லது, வேலை மாகிரட் கிறிஸ்தோபருடையது என்று எழுதுங்கள். வீரசிங்கம் கடைசியாகச் சொன்னதையும் அவர் சொன்னபடியே சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றுக்காகச் சொன்னார் என்று உங்கள் முகம் சொல்லுகிறது. நீங்கள் அங்கே இருக்கவில்லை, ஐயா. நான் இருந்தேன். அவர் குரலைக் கேட்டவள் நான். சாகிற நேரத்தில் யாரும் பொய் சொல்லுவதில்லை.